ஊர் நெட்காரரோட ரேக்ல வெளிநாட்டு உளவாளிக்கு என்ன வேலை?

சால்ட் டைஃபூன்ங்கற பேரு 2024 கடைசில இருந்து நியூஸ்ல அடிபட்டுட்டே இருக்கு. சீனாக்காரங்க அமெரிக்க போன் கம்பெனிகளுக்குள்ள பூந்துட்டாங்கன்னு படிச்சா புரியுது, ஒரு பெரிய நாடு இன்னொரு பெரிய நாட்ட வேவு பாக்குறது காலங்காலமா நடக்குறது தான். ஆனா அதே நியூஸ்ல கிராமத்து டெலிகாம் கம்பெனிகள காப்பாத்தணும், அதுக்குன்னு தனியா பணம் ஒதுக்கணும்னு பேச்சு வரும்போது தான் நெறைய பேருக்கு குழம்பிடுது. ஒரு ஊர்ல நாலாயிரம் கனெக்‌ஷன் வெச்சிருக்குற நெட்காரர்கிட்ட அப்படி என்ன இருக்கு, கடல் தாண்டி வந்து திருடிட்டு போக? இது புரியலன்னா அமெரிக்காவுல நடக்குற சண்டையும் புரியாது, நம்ம நாட்ல 2024ல வந்த டெலிகாம் சைபர் செக்யூரிட்டி ரூல்ஸ் ஏன் இவ்ளோ கறாரா இருக்குன்னும் புரியாது. அதனால அடியில இருந்து வருவோம்.

மொதல்ல நடந்தது என்ன

டைஃபூன்ங்கறது மைக்ரோசாஃப்ட் வெக்குற பேரு. சீன அரசு பின்னாடி இருக்குன்னு அவங்க முடிவு பண்ற குழுக்களுக்கு டைஃபூன், ரஷ்யான்னா பிளிஸார்ட், ஈரான்னா சேண்ட்ஸ்டார்ம், அதனால பேர பாத்தாலே எந்த நாட்ட கை காட்டுறாங்கன்னு தெரிஞ்சிடும். சீனா இதெல்லாம் இல்லவே இல்லன்னு மறுக்குது, அதையும் சொல்லிடணும்.

2024 செப்டம்பர் கடைசியிலயும் அக்டோபர்லயும் விஷயம் வெளிய வந்துச்சு. ஏடி அண்ட் டி, வெரைசான், லூமன் மாதிரி பெரிய கம்பெனிங்க பேரெல்லாம் அடிபட்டுச்சு, டிசம்பர் கடைசில வெள்ளை மாளிகை அதிகாரி ஆன் நியூபெர்கர் ஒம்போது கம்பெனின்னு கணக்கு சொன்னாங்க. அவங்க சொன்னதுல எனக்கு தூக்கிவாரிப் போட்டது வேற ஒண்ணு: ஒரு கம்பெனில ஒரே ஒரு அட்மின் அக்கவுண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல ரவுட்டர்கள தொடுற அதிகாரம் இருந்திருக்கு. அந்த ஒரு பாஸ்வேர்ட் கைக்கு வந்தா நாட்டோட பாதி ரோட்டுக்கு சாவி கெடச்ச மாதிரி.

2025 ஆகஸ்ட் 27 அன்னைக்கு அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஜெர்மனின்னு 13 நாட்டு ஏஜென்ஸிங்க சேந்து ஒரு எச்சரிக்கை வெளியிட்டாங்க. அதுல இருக்குற ஒரு விஷயம் தான் நம்ம கேள்விக்கு நேரடி பதில். ரவுட்டர் யாரோடதுன்னு இவங்க பாக்குறதில்ல, அந்த ஓனர் மேல ஆர்வமே இல்லன்னாலும் ஆர்வம் இருக்குற இன்னொரு எடத்துக்கு போற வழியா அந்த ரவுட்டர் உதவும்னா அதுக்குள்ளயும் வருவாங்க. இத ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசி வரைக்கும் இது தான் ஓடும்.

டெலிகாம்ல திருட என்ன இருக்கு

ஒட்டுக்கேக்குறதுன்னா ஹெட்போன் மாட்டிட்டு பேச்ச கேக்குறதுன்னு தான் நமக்கு தோணும். அது கடைசி வேலை. டெலிகாம்ல உளவுக்கு உபயோகப்படுறது மூணு விஷயம்.

1. கால் ரெக்கார்ட். யார் யார்கிட்ட எப்ப எவ்ளோ நேரம் பேசுனாங்க, எந்த டவர்ல இருந்தாங்க. பேசுன பேச்சு இதுல இருக்காது, ஆனாலும் இது ஒண்ணே போதும்.

ஒரு உதாரணம் பாப்போம். அணு உலை இருக்குற கல்பாக்கம் டவுன்ஷிப்ல ஒரு இன்ஜினியர்னு வெச்சுக்கலாம். அவர் போன் தினமும் காலைல ஒரு டவர், சாயங்காலம் அஞ்சரைக்கு மேல வீட்டு பக்கத்து டவர், ஞாயித்துக்கிழம மகாபலிபுரம் இல்லன்னா திருவான்மியூர். திடீர்னு ஒரு வாரம் மூணு நாளா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வேலை செய்யுற எடத்து டவர்லயே நிக்குது, அவரோட அடிக்கடி பேசுற இன்னும் நாலு நம்பரும் அங்கயே நிக்குது, அதுல ஒரு நம்பர் ராத்திரி பதினோரு மணிக்கு மும்பைக்கு நாப்பது நிமிஷம் பேசுது. ஒரு வார்த்தை கேக்கல. ஆனா உள்ள ஏதோ ஆகியிருக்கு, அத சரி பண்ற ஆளுங்க இந்த அஞ்சு பேரு, மும்பைல பொறுப்புல இருக்குறவர் யாருன்னு மூணும் தெரிஞ்சு போச்சு. அந்த அஞ்சு பேர்ல யாருக்கு கடன் இருக்கு, யாருக்கு வீட்ல சிக்கல்னு அடுத்து தோண்டுறது அவங்களுக்கு தெரிஞ்ச தொழில்.

2. இருக்குற எடம். சால்ட் டைஃபூன்ல வாஷிங்டன் சுத்துப்பட்டுல இருக்குற நெறைய பேரோட நடமாட்டத்த எடுத்திருக்காங்க, ஆனா உண்மையிலயே பேச்சையும் மெசேஜையும் எடுத்தது நூறு பேருக்கும் கம்மின்னு அமெரிக்க அரசே சொல்லுச்சு. அதாவது மொதல்ல பெரிய வலை போட்டு யார் முக்கியம்னு சலிச்சு, அப்புறம் அந்த கொஞ்ச பேர மட்டும் கேட்டிருக்காங்க.

3. சட்டப்படி ஒட்டுக்கேக்குற சிஸ்டம். போலீஸோ உளவுத்துறையோ முறையான உத்தரவோட கேட்டா குறிப்பிட்ட நம்பர கண்காணிக்க வசதி வெச்சிருக்கணும்னு பெரும்பாலான நாடுகள்ல டெலிகாம் கம்பெனிக்கு கட்டாயம் உண்டு. அமெரிக்காவுல 1994ல வந்த கலியாங்கற சட்டம், நம்ம நாட்ல 2024 டிசம்பர்ல வந்த புது இன்டர்செப்ஷன் ரூல்ஸ், அதுக்கு முன்னாடி டெலிகிராஃப் ரூல் 419ஏ. எதிரி இந்த சிஸ்டத்துக்குள்ள வந்துட்டா ரெண்டு லாபம். யார வேணா கேக்கலாம்ங்கறது ஒண்ணு. இந்த நாட்டு போலீஸ் யார கண்காணிச்சிட்டு இருக்குங்கற லிஸ்ட்டே கெடச்சிடும்ங்கறது ரெண்டாவது, அவங்க அனுப்புன ஒற்றன் மாட்டிட்டானா இல்லையான்னு அந்த லிஸ்ட்ட பாத்தா தெரிஞ்சிடும்.

இது சீனா மட்டும் பண்ற வேலைன்னு நெனச்சிடக் கூடாது. 2004, 2005ல கிரீஸ் நாட்ல வோடஃபோன் நெட்வொர்க்ல அப்போதைய பிரதமர் கோஸ்டாஸ் கரமான்லிஸ் போன் உட்பட நூத்துக்கும் மேல போன்கள ஒட்டுக்கேட்டிருக்காங்க. அந்த ஒட்டுக்கேக்குற வசதிக்கான நிர்வாக சாப்ட்வேர வோடஃபோன் காசு குடுத்து வாங்கவே இல்ல, ஆனா அதோட அடிப்படை பாகம் அப்டேட்டோட சேந்து சுவிட்ச்சுக்குள்ள வந்து உக்காந்திருந்துச்சு, யாரோ அத எழுப்பி விட்டுட்டாங்க. பெல்ஜியத்தோட பெல்காகாம் கம்பெனிக்குள்ள பிரிட்டன் உளவுத்துறை இருந்தது 2013ல அமெரிக்க உளவு ரகசியங்கள வெளியிட்ட ஸ்னோடனோட ஆவணங்கள் மூலமா வெளிய வந்துச்சு. கூட்டாளி நாட்டுக்குள்ளயே இது நடக்கும்.

அப்ப சின்ன கம்பெனி எதுக்கு

காரணம் நாலு இருக்கு, ஆனா நாலும் ஒரே எடை கெடையாது. மொதல் காரணம் தான் மூலம்.

1. சின்னது பெருசோட ஒட்டியிருக்கு. இன்டர்நெட்டுங்கறதே ஒருத்தர் கம்பிய இன்னொருத்தர் கம்பியோட இணைக்குறது தான். செய்யூர்லயோ மதுராந்தகத்துலயோ இருக்குற ஒரு சின்ன ஐஎஸ்பி, அதாவது நெட் குடுக்குற கம்பெனி, மேல இருக்குற பெரிய கம்பெனிகிட்ட பேண்ட்விட்த் வாங்கும், அந்த லைன் சென்னைக்கு வந்து அம்பத்தூர், சிறுசேரி மாதிரி எடத்துல இருக்குற டேட்டா சென்டர்ல பெரிய நெட்வொர்க்கோட சேரும். இணைஞ்ச ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு நம்பிக்கை இருக்கு, வெளிய இருந்து வர்ற டிராஃபிக்க சந்தேகப்படுற அளவுக்கு பக்கத்துல இருக்குற கம்பெனில இருந்து வர்றத சந்தேகப்பட மாட்டாங்க.

இது கற்பனை இல்ல. 2024 நவம்பர் 27 அன்னைக்கு டி மொபைல் கம்பெனி வெளிப்படையா சொல்லுச்சு: அவங்கள தாக்க நடந்த முயற்சி அவங்களோட இணைஞ்சிருந்த ஒரு வயர்லைன் கம்பெனியோட நெட்வொர்க்ல இருந்து வந்துச்சு, உடனே அந்த இணைப்ப வெட்டி விட்டுட்டாங்க. டி மொபைல்கிட்ட காசு இருக்கு, ஆள் இருக்கு, கவனிச்சு வெட்டுனாங்க. இந்த பக்கம் இருந்த கம்பெனி நெட்வொர்க் எதிரிக்கு நடை பாதையாவே ஆகியிருந்துச்சு.

2. கிராமத்துல தான் ரகசிய எடங்கள் இருக்கு. அணு உலையோ ராக்கெட் தளமோ ஏவுகணையோ டவுன் நடுவுல வெக்க மாட்டாங்க. அமெரிக்காவோட மினிட்மேன் ஏவுகணைங்க மொன்டானா, வடக்கு டகோட்டா, நெப்ராஸ்கா பக்கத்து கோதுமை வயல்ல பூமிக்கு அடியில இருக்கு, அந்த வயலுக்கு மேல சிக்னல் குடுத்தது சின்ன சின்ன கிராமத்து கம்பெனிங்க, அதுல சிலர் விலை கம்மின்னு சீன கம்பெனி ஹுவாவேயோட சாதனம் வாங்கி மாட்டியிருந்தாங்க. நம்ம பக்கம் யோசிச்சு பாருங்க. கல்பாக்கம், கூடங்குளம், வேலை நடக்குற குலசேகரப்பட்டினம், பழவேற்காட்டுக்கு அந்தப்பக்கம் ஸ்ரீஹரிகோட்டா, எல்லாமே கடலோர கிராமம். அங்க வேலை பாக்குறவர் வீட்டுக்கு நெட் குடுக்குறது பல சமயம் உள்ளூர் ஆளு தான். 2019 அக்டோபர்ல கூடங்குளம் நிர்வாக கம்ப்யூட்டர் ஒண்ணுல மால்வேர் இருந்தத அந்த அணு உலைய நடத்துற அரசு நிறுவனம் என்பிசிஐஎல்லே ஒத்துக்கிச்சு, உலைய ஓட்டுற சிஸ்டத்துக்கு அதனால பாதிப்பு இல்லன்னும் சொன்னாங்க. அந்த ஊருங்க மேல யாருக்கோ கண்ணு இருக்குங்கறதுக்கு இது போதும்.

3. சின்ன எடத்துல ரொம்ப நாள் ஒளிஞ்சிருக்கலாம். மாசசூசெட்ஸ்ல லிட்டில்டன்னு ஒரு சின்ன ஊரு, அங்க கரண்டும் தண்ணியும் குடுக்குற உள்ளூர் நிறுவனத்துக்குள்ள வோல்ட் டைஃபூன்ங்கற இன்னொரு சீன குழு 300 நாளுக்கு மேல இருந்திருக்கு, 2023 நவம்பர்ல எஃப்பிஐ போன் பண்ணி சொன்ன அப்புறம் தான் அவங்களுக்கே தெரிஞ்சுது. அது டெலிகாம் இல்ல, ஆனா நெலம ஒண்ணு தான், பத்து இருவது பேர் வேலை பாக்குற எடத்துல சிஸ்டத்துல நடந்தத எல்லாம் பதிவு பண்ணி வெக்குற லாக (log) ராத்திரி பாக்க யாரு இருக்கா.

4. ஏணியா உபயோகப்படும். வட இந்தியாவுல லடாக் எல்லைக்கு கிட்ட இருக்குற, மின் விநியோகத்த கட்டுப்படுத்துற மையங்கள சீனாக்காரங்க குறி வெச்சாங்கன்னு 2022ல ரெக்கார்டட் ஃபியூச்சர்ங்கற சைபர் பாதுகாப்பு கம்பெனி அறிக்கை விட்டுச்சு, அப்ப மத்திய மின்துறை அமைச்சரா இருந்த ஆர்.கே.சிங் அந்த முயற்சி பலிக்கலன்னு சொன்னாரு. அந்த தாக்குதல நடத்த அவங்க உபயோகிச்சது யாரோ சம்பந்தமே இல்லாதவங்களோட சிசிடிவி டிவிஆருங்க. கேமராவுக்கே இந்த கதின்னா ஐஎஸ்பி ரவுட்டருக்கு எவ்ளோ மதிப்புன்னு பாத்துக்குங்க.

கூடவே ஒரு பயம் இருக்கு. வேவு பாக்க உள்ள வந்தவன் வேவோட நிக்கணும்னு எந்த கட்டாயமும் இல்ல. உக்ரைனோட கியிவ்ஸ்டார் கம்பெனிக்குள்ள ரஷ்யாக்காரங்க 2023 மே மாசத்துல இருந்தாவது இருந்திருக்காங்க, டிசம்பர் 12 அன்னைக்கு உள்ள இருந்தே கிட்டத்தட்ட எல்லாத்தையும் அழிச்சாங்க, சுமார் 2.4 கோடி வாடிக்கையாளர் வெச்சிருந்த நெட்வொர்க் ஒரே காலைல படுத்துடுச்சு.

உள்ள எப்படி வர்றாங்க

யாருக்குமே தெரியாத ஒரு ஓட்டைய கண்டுபிடிச்சு மாயாஜாலம் பண்ணி வர்றாங்கன்னு நெனைக்குறோம். பெரும்பாலும் அப்படி இல்ல. ரவுட்டர் தயாரிக்குற சிஸ்கோ கம்பெனியோட டேலோஸ்ங்கற ஆய்வுக் குழு 2025 பிப்ரவரில எழுதுன விவரப்படி, அவங்க பாத்த சால்ட் டைஃபூன் சம்பவங்கள்ல பெரும்பாலும் திருடுன யூசர் நேம், பாஸ்வேர்ட் வெச்சு தான் நேரா உள்ள போயிருக்காங்க, ஒரு எடத்துல மூணு வருஷத்துக்கு மேல இருந்திருக்காங்க. ஓட்டை வழியா வந்ததா அவங்க உறுதி பண்ண ஒண்ணு 2018லயே சரி பண்ண அப்டேட் வந்துட்ட பழைய ஓட்டை, சிஸ்கோ சாதனத்துல இருக்குற ஸ்மார்ட் இன்ஸ்டால்ங்கற வசதில இருந்தது. கனடாவுல 2025 பிப்ரவரி நடுவுல ஒரு டெலிகாம் கம்பெனியோட மூணு சாதனத்துல பூந்தாங்க, அதுக்கு உபயோகிச்ச சிஸ்கோ ஓட்டை 2023 அக்டோபர்லயே ஊரறிஞ்சது. பதினாறு மாசம் அப்டேட் போடாம விட்டிருக்காங்க.

உள்ள வந்த அப்புறம் நடக்குறது தான் நுணுக்கமான விஷயம். வைரஸ் மாதிரி எதையும் போட வேண்டியதே இல்ல, ரவுட்டர்ல ஏற்கனவே இருக்குற வசதிய வெச்சே வேலைய முடிச்சிடுறாங்க:

1. மொதல்ல கான்ஃபிக் ஃபைல எடுப்பாங்க. ரவுட்டரோட மொத்த ஜாதகமும் அதுல இருக்கு. பழைய டைப் 7 முறைல பாஸ்வேர்ட் சேத்து வெச்சிருந்தா அத அவுக்குறது நிமிஷ வேலை.

2. மிரரிங் போடுவாங்க. ஒரு போர்ட்ல போறத எல்லாம் இன்னொரு போர்ட்டுக்கு காப்பி அனுப்புற வசதி, நெட்வொர்க்காரங்க பிரச்சன தேடும்போது தினமும் உபயோகிக்குறது தான். அதையே அட்மின் லாகின் பண்ற டிராஃபிக் மேல போட்டா அடுத்தடுத்த பாஸ்வேர்ட் தானா வந்து விழும்.

3. ஜிஆர்இ டனல் போடுவாங்க, அதாவது ஒரு ரவுட்டர்ல இருந்து எங்கயோ இருக்குற இன்னொரு ரவுட்டருக்கு தனி சுரங்கப்பாதை. கனடாவுல பண்ணது இது தான். காப்பி எடுத்தது எல்லாம் அந்த வழியா வெளிய போகும், ஃபயர்வால் பாத்தாலும் வழக்கமான நெட்வொர்க் வேலை மாதிரியே தெரியும்.

4. திரும்பி வர பின்கதவு. 22ல முடியுற பெரிய நம்பர் போர்ட்ல எஸ்எஸ்எச், அதாவது தூரத்துல இருந்து லாகின் பண்ற வழி, தொறந்து வெக்குறது இவங்க பழக்கம்னு அந்த 13 நாட்டு எச்சரிக்கைலயே இருக்கு. அப்புறம் லாக அழிச்சிடுவாங்க.

இப்ப நம்ம ஊரு பக்கம் ஒரு ரூமுக்குள்ள எட்டி பாப்போம். சென்னைல இருந்து ரெண்டு மணி நேரத்துல ஒரு டவுன், நெட்காரர் வீட்டு மாடில எட்டுக்கு பத்து ரூம். ஒரு ஓரத்துல இன்வெர்ட்டர் பேட்டரி நாலு, நடுவுல ஒரு ரேக், அதுல வீடுகளுக்கு போற ஃபைபர் எல்லாம் வந்து சேருற ஓஎல்டி ரெண்டு, ஒரு கோர் ரவுட்டர், மேல டேபிள் ஃபேன் ரவுட்டர பாத்து ஓடிட்டு இருக்கு. ரேக் கதவுல ஒரு வெள்ள ஸ்டிக்கர், அதுல ஐபி அட்ரஸ், யூசர் நேம், பாஸ்வேர்ட், கடைசியா மாத்துன வருஷம் 2019. அந்த பாஸ்வேர்ட் லைன்மேன் பசங்க வாட்ஸ்அப் குரூப்ல இருக்கு. ரவுட்டர செட் பண்றது இவரு இல்ல, வேற ஊர்ல இருக்குற ஒரு தம்பி, மாசம் சம்பளம் மாதிரி ஒரு தொகை வாங்கிட்டு ஏழெட்டு ஐஎஸ்பிக்கு ரிமோட்ல பாத்து குடுக்குறாரு, அவர் எங்க இருந்து வேணா உள்ள வரணும்னு ரவுட்டரோட மேனேஜ்மென்ட் போர்ட் உலகத்துக்கே தொறந்து இருக்கு. அந்த தம்பியோட லேப்டாப் ஒண்ணு போச்சுன்னா ஏழெட்டு ஊரும் சேந்து போச்சு.

அந்த நெட்காரர நான் குத்தம் சொல்ல வரல. மழைல ஃபைபர் அறுந்தா ராத்திரி பன்னெண்டு மணிக்கு டார்ச் புடிச்சு ஸ்ப்ளைசிங் பண்ற மனுஷன். மாசம் நானூறு ஐநூறு ரூபா பிளான்ல கம்பம் வாடகை, பேண்ட்விட்த் பில், பசங்க சம்பளம் போக அவர் கையில நிக்குறத வெச்சு ஒரு வெளிநாட்டு உளவு அமைப்ப அவரு ஒத்தையா தடுக்கணும்னு எதிர்பாக்குறது நியாயம் இல்ல.

இந்த மாதிரி ரவுட்டர கூட்டமா அள்ளுனதும் ஏற்கனவே நடந்திருக்கு. 2018 மே மாசம் வெளிய வந்த விபிஎன்ஃபில்டர்ங்கற மால்வேர்ல குறைஞ்சது 54 நாட்ல அஞ்சு லட்சம் சாதனமாவது மாட்டுச்சு, அதுல சின்ன ஐஎஸ்பிங்க அதிகமா உபயோகிக்குற மைக்ரோடிக் ரவுட்டரும் உண்டு, வீட்டு ரவுட்டருங்களும் உண்டு. எஃப்பிஐ அப்ப ரஷ்ய உளவுக்குழுவ கை காட்டுச்சு.

சீன பொட்டிய தூக்கிட்டா முடிஞ்சுதா

அமெரிக்கா மொதல்ல புடிச்சது இந்த வழிய தான். 2020 மார்ச்ல சட்டம் போட்டு, ஹுவாவே, இசட்டிஇ சாதனத்த எல்லாம் கழட்டி வேற மாட்டுங்க, செலவ அரசு குடுக்கும்னு சொன்னாங்க. இதுல பெரும்பாலும் கிராமத்து கம்பெனிங்க தான். அந்த வருஷ டிசம்பர்ல 190 கோடி டாலர் ஒதுக்குனாங்க. கணக்கு போட்டு பாத்தா தேவை 498 கோடி டாலர். கேட்டதுல நூத்துக்கு நாப்பது ரூபா கணக்குல தான் கைக்கு வந்துச்சு. பாதில நின்னு போன வேலை, பழைய சாதனத்துக்கு சப்போர்ட்டும் இல்ல புதுசு வாங்க காசும் இல்லன்னு நாலு வருஷம் இழுத்துச்சு, மீதி 308 கோடி டாலர் 2024 டிசம்பர்ல தான் பாஸ் ஆச்சு, அதுவும் சால்ட் டைஃபூன் வெளிய வந்து எல்லாரும் அலறுன அப்புறம்.

பொட்டிய மாத்துறது தப்புன்னு சொல்லல, நம்பிக்கை இல்லாத ஆள்கிட்ட வாங்கக் கூடாது தான். ஆனா சால்ட் டைஃபூன் உள்ள வந்தது அமெரிக்க சிஸ்கோ ரவுட்டர் வழியா. அப்டேட் போடாத, ஒரே பாஸ்வேர்ட் எல்லாரும் உபயோகிக்குற அமெரிக்க பொட்டியும் எதிரிக்கு தொறந்த வீடு தான். பொட்டி எந்த நாட்டுதுங்கற கேள்விக்கே மொத்த கவனமும் காசும் போயிடுச்சு, அத யாரு தினமும் பாத்துக்குறாங்கங்கற கேள்விய தள்ளி வெச்சுட்டாங்க, என் பார்வைல அமெரிக்கா சறுக்குன எடம் இது.

அதுக்கு அப்புறமும் ஒரு வழியா நிக்கல. 2025 ஜனவரில அமெரிக்காவோட டெலிகாம் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்சிசி, டெலிகாம் கம்பெனிங்க தங்களோட நெட்வொர்க்க அத்துமீறல்ல இருந்து காக்கறது கலியா சட்டப்படியே கடமைன்னு உத்தரவு போட்டுச்சு. ஆட்சி மாறுச்சு, நவம்பர் 20 அன்னைக்கு ரெண்டுக்கு ஒண்ணுங்கற ஓட்டுல அதே எஃப்சிசி அத ரத்து பண்ணிடுச்சு, கம்பெனிங்க தானா முன்வந்து பாத்துக்குறாங்கன்னு காரணம் சொன்னாங்க. நடந்தத விசாரிச்சிட்டு இருந்த சைபர் பாதுகாப்பு ஆய்வுக் குழுவ ஜனவரிலயே கலைச்சுட்டாங்க. என்ன தப்பு நடந்துச்சுன்னு முழுசா ஒரு அறிக்கை வராம போனது எல்லா நாட்டு டெலிகாம்காரங்களுக்கும் நஷ்டம்.

நம்ம நாட்ல என்ன இருக்கு

காகிதத்துல பாத்தா நம்ம ரூல் பல நாட்ட விட கறார். 2021 ஜூன் 15ல இருந்து நம்பகமான எடத்துல இருந்து வந்த சாதனத்த தான் நெட்வொர்க்ல புதுசா மாட்டணும். 2022 ஏப்ரல் 28 அன்னைக்கு மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு செர்ட் இன் போட்ட உத்தரவுப்படி சைபர் தாக்குதல் மாதிரி சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துல சொல்லணும், லாக 180 நாள் வெச்சிருக்கணும். 2023 டெலிகாம் சட்டத்துக்கு கீழ 2024 நவம்பர்ல வந்த சைபர் செக்யூரிட்டி ரூல்ஸ் அதே 6 மணி நேரத்த டெலிகாம் துறைக்கும் கட்டாயமாக்குச்சு, 24 மணி நேரத்துல எத்தன பேருக்கு பாதிப்பு, எந்த ஏரியான்னு விவரம் குடுக்கணும், பாதுகாப்புக்குன்னு ஒரு தலைமை அதிகாரிய நியமிக்கணும்.

சிக்கல் எங்கன்னா, 6 மணி நேரம் ஓட ஆரம்பிக்குறது சம்பவம் தெரிஞ்ச நேரத்துல இருந்து. அந்த மாடி ரூம்ல யாருக்கு தெரிய போகுது? பெரிய கம்பெனிகிட்ட 24 மணி நேரமும் ஸ்க்ரீன பாத்துட்டு உக்காந்திருக்குற டீம் இருக்கு, ஒரு மாவட்டம் அளவு சின்ன ஏரியாவுக்கு மட்டும் லைசென்ஸ் வெச்சிருக்குற சி கேட்டகரி ஐஎஸ்பிக்கு அது கெடையாது. அதே சமயம் 2021 டிசம்பர் திருத்தப்படி எந்த கஸ்டமர் எந்த ஐபில எப்ப இருந்தாங்கங்கற ரெக்கார்ட ரெண்டு வருஷமாவது வெச்சிருக்கணும், அதனால அந்த ரூம்ல இருக்குற ஒரு பழைய சர்வர்ல ஒரு தாலுகாவோட ரெண்டு வருஷ நடமாட்டம் உக்காந்திருக்கு. பொருள் பெருசு, பூட்டு சின்னது.

இன்னொரு பக்கம் அரசே கிராமத்துக்கு ஃபைபர் இழுத்துட்டு இருக்கு. தமிழ்நாட்ல 12,525 ஊராட்சி, மத்திய அரசோட பாரத்நெட் திட்டத்துல தமிழ்நாடு அரசு நிறுவனமான டான்ஃபிநெட் மூலமா ஒவ்வொரு ஊராட்சிலயும் ஒரு ரேக் வருது. நல்ல விஷயம், வரவேற்க வேண்டியது. ஆனா பன்னெண்டாயிரத்து சொச்சம் கதவு புதுசா வருதுங்கறதும் உண்மை, ஊராட்சி அலுவலக ரூம் சாவி யார்கிட்ட இருக்குங்கறதுல இருந்து அந்த சாதனத்துக்கு யாரு அப்டேட் போடுறாங்கங்கறது வரைக்கும் இழுக்குற காலத்துலயே முடிவு பண்ணணும், அப்புறம் பண்றது பத்து மடங்கு செலவு.

சின்ன ஐஎஸ்பி கைக்காசுல பண்ண முடியுறது

1. மேனேஜ்மென்ட் போர்ட்ட வெளில இருந்து மூடுங்க. மைக்ரோடிக் ரவுட்டர செட் பண்ற வின்பாக்ஸோட 8291 போர்ட், டெல்நெட், எஸ்எஸ்எச், வெப் பேஜ் எதுவா இருந்தாலும் இன்டர்நெட்ல இருந்து தெரியவே கூடாது, விபிஎன் போட்டு அதுக்குள்ள வந்தா மட்டும் தெரியணும். டெல்நெட்ட மொத்தமா நிறுத்திடுங்க. ஒரு பைசா செலவு இல்ல, அரை நாள் வேலை, பாதி ஆபத்து இதுலயே போயிடும்.

2. ஆளுக்கு ஒரு லாகின், விபிஎன்ல ஓடிபியோட. வேலைய விட்டு போனவர் லாகின அன்னைக்கே எடுத்துடணும். வாட்ஸ்அப் குரூப்ல இருக்குற பாஸ்வேர்ட இன்னைக்கே மாத்திடுங்க.

3. தினமும் கான்ஃபிக காப்பி எடுத்து நேத்தையதோட ஒப்பிடுங்க. இத நான் அழுத்தி சொல்றேன், ஏன்னா இவங்க வைரஸ் போடுறதில்லங்கறதால ஆன்டிவைரஸ் எதுவும் கத்தாது, தடம் தெரியுறது கான்ஃபிக்ல மட்டும் தான். நீங்க போடாத யூசர், நீங்க போடாத டனல், மிரரிங் வரி, 22ல முடியுற புது போர்ட், அக்சஸ் லிஸ்ட்ல தெரியாத ஐபி, இதுல ஒண்ணு தென்பட்டா கூட அத அழிக்காம மொதல்ல ஒரு காப்பி எடுத்துட்டு செர்ட் இன்னுக்கும் மேல இருக்குற பேண்ட்விட்த் கம்பெனிக்கும் சொல்லுங்க. ஒப்பிடுற ஸ்க்ரிப்ட் எழுத காலேஜ் பையன் ஒருத்தர் போதும்.

4. லாக ரவுட்டர்லயே வெக்காதீங்க, தனியா ஒரு சின்ன மெஷினுக்கு அனுப்புங்க, உள்ள வந்தவன் ரவுட்டர்ல அழிச்சாலும் அங்க இருக்கும். எல்லா சாதனத்துலயும் நேரம் சரியா இருக்கணும்.

5. அப்டேட். கம்பெனியே கைவிட்ட மாடல்னா மாத்தி தான் ஆகணும், வேற வழி இல்ல.

இதுக்கு மேல இருக்குறது அவங்க தனியா பண்ண முடியாதது. முப்பது நாப்பது சின்ன ஐஎஸ்பி சேந்து ஒரு பொதுவான கண்காணிப்பு ரூம் வெச்சா ஆளுக்கு வர்ற செலவு தாங்குற அளவுல இருக்கும், சென்னைல எல்லார் லைனும் வந்து சேருறதால அத வெக்க எடத்துக்கும் குறைவில்ல. பேண்ட்விட்த் விக்குற பெரிய கம்பெனிங்க கீழ இருந்து வர்றதயும் வெளில இருந்து வர்றது மாதிரியே சந்தேகத்தோட பாக்கணும், டி மொபைல் தப்பிச்சது அப்படி தான். அரசு கிராமத்து இணைப்புக்கு மானியம் குடுக்கும்போது கேபிளுக்கும் பொட்டிக்கும் குடுக்குற மாதிரி அத அஞ்சு வருஷம் பாத்துக்குற செலவுக்கும் சேத்து குடுக்கணும். சம்பவத்த சொல்ல வந்த சின்ன ஐஎஸ்பிய மொதல் வேலையா அபராதம் போட்டு மிரட்டுனா அடுத்தவரு வாயே தொறக்க மாட்டாரு, அதனால சொன்னவருக்கு ஆள் அனுப்பி சரி பண்ணி குடுக்குற ஏற்பாடு தான் மொதல்ல வேணும்.

வீட்ல நெட் உபயோகிக்குறவங்களுக்கு

ரொம்ப இல்ல. 2024 டிசம்பர்ல அமெரிக்க அதிகாரிங்களே மக்களுக்கு சொன்னது, முடிஞ்ச வரைக்கும் எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷன் இருக்குற ஆப்ல பேசுங்க, மெசேஜ் அனுப்புங்கன்னு. நடு வழில நெட்வொர்க்குக்குள்ள யாரு உக்காந்திருந்தாலும் பேச்சு புரியாது, யார்கிட்ட பேசுனீங்கங்கற தடம் கொஞ்சம் தெரியும். பேங்க், மெயிலுக்கு எஸ்எம்எஸ் ஓடிபிய விட ஆப்ல வர்ற கோடோ பாஸ்கீயோ குடுத்தா அத எடுத்துக்குங்க. நெட்காரர் மாட்டிட்டு போன வீட்டு ரவுட்டர்ல அட்மின் பாஸ்வேர்ட் இன்னும் அட்மின்னே இருக்கான்னு பாருங்க, அடுத்த தடவ பில் வாங்க தம்பி வரும்போது அத மாத்தி குடுக்க சொல்லுங்க, கூடவே அவங்க கோர் ரவுட்டர் பாஸ்வேர்ட கடைசியா எப்ப மாத்துனாங்கன்னும் கேளுங்க.